உள்ளத்தை ஆராயும் ஒரு பட்டப்படிப்பு

மனிதன் எவ்வாறு நினைக்கிறான், நினைத்ததை எவ்வாறு மறக்கிறான், இலக்கணம் கற்பிப்பார் எவருமின்றியே மூன்று வயதுக் குழந்தை தாய்மொழியை எங்ஙனம் பேசக் கற்றுக்கொள்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண விரும்பும் ஒரு மாணவி பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவள் எந்தத் துறையின் வாயிலை நாடுதல் வேண்டும்? மெய்யியற்றுறைக்குச் சென்றால், மனம் என்பது யாது, அது உடலின் வேறானதா என்ற பழைய வாதங்களைக் கேட்பாள். உளவியலார் பரிசோதனைகளைக் காட்டுவர். மொழியியலார் வாக்கியங்களின் அமைப்பைப் பகுத்துக் காட்டுவர். மருத்துவ பீடத்தார் மூளையையே கையிலெடுத்துக் காட்டுவர். ஆயின் அது நினைப்பதைக் காட்டார். கணினித் துறையினரோ, நினைப்பது போலத் தோன்றும் இயந்திரம் ஒன்றைக் கொணர்ந்து முன்னே வைப்பர். மனிதன் தனித்திருந்து நினைப்பதில்லை, பிறரோடும் கருவிகளோடும் கூடியே நினைக்கிறான் என்பது மானிடவியலார் கூற்று.

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதை நேயர்கள் சிறுவயது முதல் அறிந்ததே. அக்கதையில் காலைத் தொட்டவரும் காதைத் தொட்டவரும் தம்முள் வாதாடினரேயன்றி, தாம் தொட்டறிந்தவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஒருவரும் முனையவில்லை. அங்ஙனம் பொருத்திப் பார்க்கும் முயற்சிக்கே அறிகை விஞ்ஞானம் என்று பெயர். அறிகை என்பது காண்டல், கேட்டல், கவனித்தல், நினைவில் இருத்துதல், பேசுதல், ஆராய்ந்து முடிவு செய்தல் ஆகிய உளத்தொழில்கள் அனைத்தையும் தழுவி நிற்கும் சொல்.

கலைத்துறை எதற்கும் பிறந்தநாள் குறிப்பது அரிது. இத்துறைக்கோ அதுவும் உண்டு. 1956 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அறிஞர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. தருக்கத் தேற்றங்களை நிறுவிக் காட்டும் கணினி நிரலைப் பற்றி அலன் நியுவெலும் ஹேர்பேட் சைமனும் எடுத்துரைத்தனர். மொழியின் வாக்கிய அமைப்பை விளக்கப் புதிய வகை இலக்கணம் வேண்டும் என்று நோம் சொம்ஸ்கி என்னும் இளைஞர் வாதித்தார். மனிதன் ஒரே வேளையில் மனத்தில் தாங்கக்கூடிய செய்திகளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர் ஜோர்ஜ் மில்லரும் அங்கிருந்தார். அதுகாறும் அமெரிக்க உளவியலிலே புறத்தே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்தலே முறை என்ற கொள்கை மேலோங்கி நின்றது. மனம் என்ற சொல்லை வாயாற் சொல்லவே கூசினர். வெவ்வேறு துறையினர் ஒரே பொருளை வெவ்வேறு வாயில்களால் அணுகிக்கொண்டிருப்பதை அக்கூட்டம் காட்டிற்று. அந்நாளையே அறிகை விஞ்ஞானத்தின் பிறந்தநாளாக மில்லர் பின்னர் குறித்தார்.

பிறந்த குழந்தைக்குத் தனிவீடு அமைய முப்பது ஆண்டுகள் சென்றன. அவ்வீடு அமைந்த இடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம். பசிபிக் சமுத்திரத்தை நோக்கிய லா ஹோயா என்னும் மேட்டு நிலத்தில் 1960 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவ்வளாகத்திலே 1979 இல் அறிகை விஞ்ஞானச் சங்கத்தின் முதலாவது ஆண்டு மாநாடு கூடியது. 1986 இல் அறிகை விஞ்ஞானத்துக்கென்றே ஒரு தனித்துறை அங்கே நிறுவப்பட்டது. உலகில் இவ்வகைத் துறைகளுள் முதலாவது அதுவே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன் முதற்றலைவராயிருந்தவர் டொனால்ட் நோர்மன் என்னும் உளவியலாளர்.

இன்று அவ்வளாகத்தில் 40,000 இற்கு மேற்பட்ட மாணாக்கர் பயில்கின்றனர். அது பல்கலைக்கழகம் என்பதிலும் பார்க்க ஒரு பட்டினம் எனத் தக்கது. இத்துணைப் பெருங்கூட்டத்துள் மாணாக்கர் தொலைந்துபோகாதிருத்தற்பொருட்டு, இளநிலை மாணாக்கர் அனைவரும் எட்டுக் கல்லூரிகளுள் ஒன்றில் சேர்க்கப்படுவர். கல்லூரி பொதுக்கல்வியைக் கவனிக்கும். சிறப்புக் கல்வியைத் துறை கவனிக்கும். ஆண்டு மூன்று தவணைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. தவணை ஒன்றுக்குப் பாடம் நடைபெறுவது பத்தே வாரங்கள். பாடநூலின் அட்டையைத் திறந்து முன்னுரையை முடிக்குமுன்னரே இடைத்தேர்வு வந்து நிற்கும்.

அறிகை விஞ்ஞானத்திலே கலைமாணி, விஞ்ஞானமாணி ஆகிய இரு பட்டங்களும் அங்கு உள்ளன. மனத்தைப் பற்றிச் சுவையான கட்டுரைகள் படிக்கலாம் என்று எண்ணிச் சேரும் மாணாக்கர் முதலில் சந்திப்பவை நுண்கணிதமும் புள்ளிவிவரவியலும் கணினி நிரலாக்கமும் மூளையின் நரம்பியலுமே. பலர் இங்கே தயங்கி நிற்பர். அவற்றைக் கடந்தபின் மூன்று தொடர்கள் காத்திருக்கின்றன. புலனுணர்வு, கற்றல், நினைவு, மொழி என்பவற்றை ஆராய்வது ஒன்று. மூளையின் கட்டமைப்பையும் தொழிலையும் படிப்படியாக விளக்குவது மற்றொன்று. மூன்றாவது சற்று விந்தையானது: மாணாக்கர் குறிப்புப் புத்தகத்துடனும் ஒளிப்படக் கருவியுடனும் மக்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று, அங்கே அறிவு எவ்வாறு கைமாறுகிறது என்று நோக்கி எழுதல் வேண்டும்.

இத்தொடர்களில் மாணாக்கர் கற்பது எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். "தங்கை தேநீருக்குச் சீனி போட்டாள்" என்றால் எவரும் வியப்படையார். "தங்கை தேநீருக்குச் செங்கல் போட்டாள்" என்றாலோ கேட்பவர் திடுக்கிடுவார். அத்திடுக்கீட்டை அளக்க முடியுமா? முடியும் என்று 1980 இல் இதே சான் டியாகோ வளாகத்தில் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் காட்டினர். தலையின் மேற்றோலில் மின்வாய்களைப் பொருத்தி, ஒருவரை ஆங்கில வாக்கியங்களைச் சொல் சொல்லாக வாசிக்கச் செய்தனர். பொருளோடு பொருந்தாத சொல் தோன்றியபின், ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் நானூறு பங்கு நேரத்தில், மூளையின் மின்னலையில் எதிர்மறையான ஒரு சரிவு தென்பட்டது. எழுத்தின் அளவைத் திடீரெனப் பெரிதாக்கினால் அச்சரிவு தோன்றவில்லை. வேறு வகை அலையே எழுந்தது. ஆகவே அது வெறும் வியப்பன்று, பொருளைப் பற்றிய வியப்பு என்பது புலனாயிற்று. குட்டாஸ் அம்மையார் பின்னாளில் அறிகை விஞ்ஞானத் துறையின் தலைவராகவும் விளங்கினார்.

இங்கே மொழியியல் எது, உளவியல் எது, நரம்பியல் எது என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். வாக்கியத்தை அமைக்க மொழியறிவு வேண்டும். பரிசோதனையை ஒழுங்கு செய்ய உளவியல் வேண்டும். அலையை வாசிக்க நரம்பியல் வேண்டும். நூற்றுக்கணக்கான அலைகளின் சராசரியை எடுக்கப் புள்ளிவிவரமும் கணினியும் வேண்டும். முதலாண்டில் அவ்வளவு கணிதம் எதற்கு என்று முகஞ்சுளித்த மாணவிக்கு விடை மூன்றாமாண்டிலேயே கிடைக்கிறது.

கருத்து வேற்றுமையிலும் அத்துறை வளமுடையது. ஆங்கிலம் கற்கும் குழந்தைகள் 'கோ' என்ற வினையின் இறந்தகாலமாகிய 'வென்ற்' என்பதை முதலிற் சரியாகவே சொல்வர். சில மாதங்கள் சென்றபின் 'கோட்' என்று பிழையாகச் சொல்லத் தொடங்குவர். பின்னர் மீண்டும் சரியான வடிவத்துக்குத் திரும்புவர். குழந்தையின் மனத்தில் இலக்கண விதி ஒன்று முளைத்ததே இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். 1986 இல் டேவிட் ரூமெல்ஹாட்டும் ஜேம்ஸ் மக்லெலண்டும் வெளியிட்ட இரு தொகுதி நூல் இவ்விளக்கத்தை மறுத்தது. நரம்பணுக்களைப் போன்று ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எளிய அலகுகளைக் கணினியில் அமைத்து, வினைச்சொற்களையும் அவற்றின் இறந்தகால வடிவங்களையும் அதற்கு ஊட்டினர். விதி எதுவும் உள்ளே எழுதப்படவில்லை. எனினும் குழந்தை செய்த அதே பிழைகளை அவ்வமைப்பும் செய்து, பின் திருந்திற்று. விதி என்பது மனத்துள் இல்லை, இணைப்புகளின் வலிமை மட்டுமே உண்டு என்று அவர்கள் முடிவுரைத்தனர்.

1988 இல் ஸ்டீவன் பிங்கரும் அலன் பிரின்ஸும் இதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினர். முதலிற் பத்து வினைச்சொற்களை மட்டும் ஊட்டிவிட்டுப் பின்னர் திடீரென 410 சொற்களைக் கொட்டியமையாலேயே அப்பிழை தோன்றியது, எந்தக் குழந்தையும் அவ்வாறு கற்பதில்லை என்பது அவர்கள் தொடுத்த அம்புகளுள் ஒன்று. இவ்வழக்கு முற்றாகத் தீர்ந்தபாடில்லை. முடிவு காணாத வழக்கை மாணாக்கர் முன் வைப்பது சரியா என்று கேட்பார் உளர். முடிந்த வழக்குகளை மட்டும் மனனஞ்செய்த மாணாக்கரைக் காட்டிலும், இரு கட்சியினரின் சான்றுகளையும் நிறுத்துப் பார்த்த மாணாக்கரே விஞ்ஞானம் என்றால் என்ன என்பதை அறிந்தவராவர்.

மூளையும் இயந்திரமும் ஒருபுறமிருக்க, மூன்றாவது தொடரின் வேராக இருப்பவர் எட்வின் ஹச்சின்ஸ் என்னும் மானிடவியலாளர். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றிலே ஏறி, மாலுமிகள் வழியறியும் முறையைப் பலநாள் நோக்கி, 1995 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கப்பலின் இருபுறத்தும் நிற்கும் இருவர் கரையிலுள்ள அடையாளங்களின் திசைக்கோணத்தைக் கருவியால் அளப்பர். தொலைபேசியில் அதைக் கேட்டு ஒருவர் ஏட்டிற் பதிவர். வேறொருவர் வரைபடத்தின்மீது கோடிழுத்து, கப்பல் நிற்குமிடத்தைக் குறிப்பர். கப்பல் இருக்குமிடத்தை 'அறிந்தவர்' இவர்களுள் யார்? தனியொருவரும் அல்லர். அறிதல் என்னும் தொழில் அம்மாலுமிகளிடையேயும், ஏட்டிலும், வரைபடத்திலும், கருவியிலும் பரந்து கிடக்கிறது என்பது ஹச்சின்ஸ் கண்ட உண்மை. ஒருமுறை சான் டியாகோத் துறைமுகத்தினுள் நுழையும்வேளையிலே கப்பலின் இயந்திரம் செயலிழந்து, சுழல் திசைகாட்டியும் பயனற்றுப்போயிற்று. காந்தத் திசைகாட்டியைக்கொண்டு, பல எண்களைக் கூட்டித்தான் ஒவ்வொரு கோணத்தையும் பெறவேண்டியதாயிற்று. முதலில் மாலுமிகள் தடுமாறினர். சிறிது நேரத்துள், எந்த எண்ணை யார் எப்போது கூட்டுவது என்ற ஒழுங்கு ஒன்று அவர்களிடையே உருவாகிவிட்டது. அவ்வொழுங்கை எவரும் திட்டமிட்டு வகுத்தாரல்லர் என்பதே வியப்பு. மனம் மண்டையோட்டுக்குள் அடங்கியது என்று நினைத்திருந்த மாணாக்கருக்கு இந்நூல் ஒரு குலுக்கல்.

இத்துணைச் செல்வம் நிறைந்த படிப்பில் குறையே இல்லையா? உண்டு. அது பிறந்த வீட்டிலிருந்தே எடுத்துக்காட்டப்பட்டது. 2019 இல், அதே துறையைச் சேர்ந்த பேராசிரியர் ரஃபாயல் நூனியஸும் அவருடைய மாணாக்கர் சிலரும், அறிகை விஞ்ஞானம் என்னவாயிற்று என்ற வினாவையே தலைப்பாக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இத்துறையின் ஆய்விதழ்களிலும் மேற்கோள்களிலும் உளவியலே ஏனையவற்றை விழுங்கி நிற்கிறது. பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் ஒருமைப்பாடு இல்லை. ஆறு துறைகள் கூடி ஒன்றாகும் என்ற பழைய கனவு நனவாகவில்லை என்பன அவர்கள் கண்ட முடிவுகள். வேறு அறிஞர்கள் இதனை மறுத்தனர். பன்மையே இத்துறையின் பலம் என்றனர். யார் கூற்று மெய்யாயினும், துன்பப்படுபவர் பத்தொன்பது வயது மாணாக்கரே. பேராசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் ஆழ வேரூன்றியவர். காலையில் ஒருவர் நரம்பணுவைப் பற்றியும் மாலையில் மற்றொருவர் மாலுமிகளைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்து இணைக்கவேண்டிய கடமை, பேராசிரியர்களே முற்றாகச் செய்யாத அக்கடமை, மாணாக்கரின் தலைமேல் வந்து விழுகிறது.

பெரிய பல்கலைக்கழகம் என்பதனால் இப்பாரம் மேலும் கூடுகிறது. தொடக்கப் பாடங்களின் விரிவுரை மண்டபத்திலே சில நூறு பேர் அமர்ந்திருப்பர். பேராசிரியர் மாணாக்கரின் பெயரை அறியார். ஐயம் கேட்கவேண்டுமாயின் உதவி ஆசிரியரிடம், அதாவது மேற்பட்டப் படிப்பு மாணாக்கர் ஒருவரிடம் செல்ல வேண்டும். அஞ்சியும் நாணியும் பின்வரிசையில் இருப்பவர் நான்காண்டும் அங்கேயே இருந்து, பட்டச் சான்றிதழுடன் வெளியேறிவிடலாம், தடுப்பார் இல்லை. பேராசிரியர்கள் மாணாக்கரைச் சந்திப்பதற்கென வாரந்தோறும் ஒதுக்கும் நேரத்தில் அவர் அறைக்குச் சென்று கதவைத் தட்டுபவர்க்கே வேறொரு பல்கலைக்கழகம் திறக்கிறது. அவர் ஆய்வுகூடத்தில் உதவியாளராய்ச் சேரலாம். பரிசோதனைக்கு வருவோரின் தலையில் மின்வாய்த் தொப்பியைப் பொருத்தலாம். குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றலாம். இறுதியாண்டில் தகுதி பெற்றோர் சொந்தமாக ஆய்வு நடத்திச் சிறப்புநிலை ஆய்வேடு எழுதவும் இடமுண்டு. துறைகள் இணைவது விரிவுரை மண்டபத்திலன்று, இத்தகைய சிறு அறைகளிலேதான்.

அடுத்த துறையின் கதவையும் தட்டலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன் பேராசிரியராகப் பணியாற்றியது இதே வளாகத்தின் உளவியற்றுறையில். கை இழந்தவர்க்கு, இல்லாத கையில் நோவு தோன்றுவதுண்டு. ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு அவர் செய்தார். இறுக மூடிக் கிடந்ததாக உணரப்பட்ட கை திறப்பதைக் கண்ணால் கண்டதும் சிலரின் நோவு தணிந்தது. எல்லோர்க்கும் இம்முறை ஒரேயளவில் உதவுவதில்லை. ஆயினும் போரிலும் கண்ணிவெடியிலும் உறுப்பிழந்தோர் பலர் வாழும் இந்நாட்டில், இல்லாத காலின் நோவு கட்டுக்கதையன்று என்பதை விளக்கவேண்டிய தேவை இல்லை.

இனி, பெற்றோர் கேட்கும் வினாவுக்கு வருவோம். இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்? மருத்துவம் படித்தவர் மருத்துவர், சட்டம் படித்தவர் சட்டத்தரணி என்பது போல நேரான விடை இதற்கில்லை. சிலர் மருத்துவத்துக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் செல்வர், சிலர் தரவுகளை ஆராயும் தொழிலுக்கு, சிலர் கல்வித்துறைக்கு. மிகப் பலர் செல்வது பொருள்களை மனிதர்க்கு ஏற்ப வடிவமைக்கும் தொழிலுக்கு. இதற்கு வழிகாட்டியவரும் டொனால்ட் நோர்மனே. 1988 இல் அவர் எழுதிய நூலிலே, தள்ள வேண்டிய கதவை இழுத்துவிட்டு நாணி நிற்பவர்மேற் குற்றமில்லை, கதவை அமைத்தவர்மேலேயே குற்றம் என்று நிலைநாட்டினார். இழுக்கவேண்டும் என்பது போன்ற கைப்பிடியைப் பொருத்திவிட்டுத் 'தள்ளுக' என்று எழுதிவைப்பது மடமை என்பது அவர் வாதம். இன்று கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் இதே வாதம் நடைபெறுகிறது. அதற்குச் சம்பளமும் தரப்படுகிறது.

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. உயர்தர வகுப்பில் கலைப்பிரிவைத் தேர்ந்தவரிற் பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதிலேயே கணிதத்துக்கு விடைகொடுத்துவிடுகின்றனர்; உயிரியல் படிப்போர் மொழியாராய்ச்சிக்கு விடைகொடுக்கின்றனர். மேற்கூறிய மாணவியின் வினா இவ்விரு பிரிவுக்கும் நடுவே கிடக்கிறது. பிறநாடு சென்று இப்படிப்பை மேற்கொள்ள எண்ணும் கலைப்பிரிவு மாணாக்கர் புள்ளிவிவரவியலையும் சிறிது நிரலாக்கத்தையும் முன்னரே பழகிச் செல்வது நன்று. அவை அங்கே காத்திரா.

இன்று அத்துறையிற் சேரும் மாணாக்கர் முன்னே புதியதொரு வினாவும் நிற்கிறது. 1986 இல் ரூமெல்ஹாட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் இணைப்பு வலையமைப்புகள் தம் பிழையிலிருந்து கற்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினர். 1990 இல் சான் டியாகோப் பேராசிரியர் ஜெஃப் எல்மன் சிறு வலையமைப்பு ஒன்றுக்கு ஒரே வேலையைக் கொடுத்தார்: வாக்கியத்தில் அடுத்து வரப்போகும் சொல்லை ஊகிப்பது. அவ்வளவே. ஊகித்து ஊகித்து, பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் அது தானாகவே வேறுபடுத்திக் கொண்டது. 2024 இல் ஹின்டனுக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு, ஜோன் ஹொப்ஃபீல்டுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. மனிதரோடு உரையாடும் இன்றைய மொழி இயந்திரங்களும் அடுத்த சொல்லை ஊகித்தே பழகியவை.

அத்துறையின் ஆய்வாளர் சிலர் அண்மைய ஆண்டுகளில், இவ்வியந்திரங்களையும் மார்த்தா குட்டாஸ் கண்ட மூளையலையையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். எந்தச் சொல்லை இயந்திரம் எதிர்பாராததெனக் கணிக்கிறதோ, அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் மனித மூளையிலும் அச்சரிவு பெரிதாகவே தோன்றுகிறது. அவ்வாறாயின் இயந்திரமும் பொருளை உணர்கிறதா, அன்றி நம் மூளையின் ஒரு பகுதியும் வெறும் ஊகத்தையே செய்கிறதா? தேநீரில் விழுந்த செங்கல்லைப் பற்றிய இந்த வினாவோடுதான், லா ஹோயாவில் இவ்வாண்டின் மாணாக்கரும் தம் முதல் விரிவுரைக்குச் செல்கின்றனர்.